சம்பளக் காகிதம் தொலைந்தது என்று ஆள் வந்து நின்றால்

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் ஆச்சி எழுதியிருக்கிறார். கடிதம் நீளமானது, சாரத்தை மட்டும் தருகிறேன்.

“அப்பச்சி நடத்திவந்த தங்கும் விடுதியையும் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறையையும் சென்ற ஆண்டிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டிலும் சேர்த்து முப்பது பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள். கணக்கு முழுக்கப் பழைய கணக்கப்பிள்ளை கையில் இருந்தது. வேலையில் இருக்கும்போதே அவர் தவறிவிட்டார். சம்பள நோட்டும் ஃபைல்களும் இரண்டாம் கட்டு அறையில் கிடந்தன. ஓடு ஒழுகி நனைந்தது பாதி, கரையான் அரித்தது மீதி.

இப்போது ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள். விடுதியில் தலைமைச் சமையல்காரராக இருந்து விலகியவர், வீட்டுக் கடனுக்காக 2019-20, 2020-21 ஆண்டுகளின் ஃபார்ம் 16, அதாவது சம்பளத்தில் வரி பிடித்ததற்கு முதலாளி தரும் சான்று, வேண்டும், வாங்கியதைத் தொலைத்துவிட்டேன் என்கிறார். பட்டறை ஆள் ஒருவர் பேங்கில் ஃபார்ம் 16 கேட்கிறார்கள் என்று வந்தார், சம்பளம் 18,000. அதை 25,000 என்று போட்டுத் தரச் சொல்கிறார். காவலாளிக்கு 57 வயது, 2006 முதல் கட்டிய பி.எஃப். என்ன ஆயிற்று என்று தினமும் கேட்கிறார். முன்பு ரிசப்ஷனில் இருந்த பெண்ணின் கணவர், அவளுடைய சம்பள விவரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். இதையெல்லாம் கொடுக்க நான் கடமைப்பட்டவளா? எத்தனை வருஷம் வரை? கணக்கப்பிள்ளையின் கையெழுத்து முத்திரை இருக்கிறது, பழைய தேதி போட்டு அதை அடித்துக் கொடுத்துவிடலாமா? கட்டணம் வாங்கலாமா?”

அன்புள்ள ஆச்சிக்கு,

முத்திரையிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் தாமதமானாலும் சரிசெய்துவிடலாம். அந்த முத்திரையை இன்றே எடுத்து ஒரு கவரில் போட்டு ஒட்டி, பூட்டி வையுங்கள். இறந்தவர் கையெழுத்தோடு பழைய தேதியில் ஒரு காகிதம் உங்கள் அலுவலகத்திலிருந்து வெளியே போனால் அதற்குப் பெயர் போலி ஆவணம். கேட்டவருக்கு உதவி செய்ய நினைத்துத்தான் செய்தீர்கள் என்பது எந்த விசாரணையிலும் எடுபடாது. நகல் என்பது இன்றைய தேதியில், இன்று பொறுப்பில் இருப்பவர் கையெழுத்தில், நகல் என்றே எழுதிக் கொடுக்கப்படுவது. அப்படிக் கொடுத்தால் பேங்கும் ஏற்கும், வரி அலுவலகமும் ஏற்கும்.

அடுத்து, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். நனைந்து போனது உங்கள் வீட்டுப் பிரதி. சம்பளத்தில் பிடித்த வரியும் கட்டிய பி.எஃப். தொகையும் அரசாங்கத்தின் கணக்குகளில் மாதம் மாதம், காலாண்டுக்குக் காலாண்டு பதிவாகியிருக்கின்றன. உங்கள் வேலை அங்கிருந்து எடுத்துக் கொடுப்பது. அங்கே இல்லாததை இங்கே நினைவிலிருந்து எழுதி உருவாக்குவது உங்கள் வேலை அல்ல. நான்கு பேருக்கும் நான் சொல்லப்போவது இந்த ஒரு நிலைப்பாட்டிலிருந்துதான்.

சமையல்காரர் விஷயம் சுலபமானது. அவருக்கு வரி பிடித்திருக்கிறீர்கள் என்றால் அந்த ஆண்டுகளுக்கு, சம்பளத்தில் பிடித்த வரியைக் காட்டும் 24க்யூ காலாண்டு அறிக்கை தாக்கலாகியிருக்கும். வரித்துறையின் ட்ரேசஸ் தளத்தில் வரி பிடிக்கும் முதலாளிக்கு உரிய உங்கள் டான் எண்ணில் நுழைந்து, அவருடைய பான் எண்ணுக்கு ஃபார்ம் 16 கேட்டு விண்ணப்பித்தால் கோப்பு தயாராகிவிடும். அதில் இரண்டு பகுதி உண்டு. பகுதி ‘ஏ’ எவ்வளவு வரி பிடித்துக் கட்டப்பட்டது என்பது; பகுதி ‘பி’ சம்பளத்தின் விவரமும் கழிவுகளும். 2018-19 நிதியாண்டிலிருந்து இரண்டுமே ட்ரேசஸிலிருந்து இறக்கக் கிடைக்கின்றன என்பதால் அவர் கேட்கும் இரண்டு ஆண்டுகளுக்கும் கவலையில்லை. அதற்கு முந்தைய ஆண்டென்றால் பகுதி ‘பி’ முதலாளி தானே தயாரித்தது. அதற்கு நான்காம் காலாண்டு 24க்யூவின் இணைப்பைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். உங்கள் ஆடிட்டரிடமோ, அறிக்கையைப் பதிவேற்றிய டின் மையத்திலோ அந்தக் கோப்பு இருக்க வாய்ப்புண்டு.

உங்களுக்குச் சிக்கல் வரப்போவது ட்ரேசஸுக்குள் நுழைவதில்தான். பாஸ்வேர்டு கணக்கப்பிள்ளையோடு போயிருக்கும். அதை மாற்றவும், பிறகு ஃபார்ம் 16 கேட்கவும், அந்தத் தளம் உங்களிடம் சில சான்றுகளைச் சரிபார்க்கும்: ஒரு காலாண்டு அறிக்கையின் டோக்கன் எண், வரி கட்டிய சலானின் விவரம், அந்தச் சலானில் யார் பான் எண்ணுக்கு எவ்வளவு என்பது. சலான் நனைந்திருந்தால் உங்கள் பேங்க் ஸ்டேட்மென்டில் அந்தத் தேதியைப் பிடித்துப் போய் விவரத்தை மீட்கலாம். ஆடிட்டர் அலுவலகத்துப் பையனை ஒரு பொழுது உட்கார வைத்தால் முடிகிற காரியம். டான் பதிவில் இன்னும் பழைய மின்னஞ்சலும் பழைய செல்போன் எண்ணும் இருந்தால் அதையும் கையோடு உங்கள் பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

கொடுக்கக் கடமையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. முதலில் ஒருமுறை ஃபார்ம் 16 கொடுக்கப்பட்டு, ஊழியர் அதைத் தொலைத்திருந்தால், அவர் கேட்டுக்கொண்டதன் பேரில் நகல் என்று சான்றளித்து மறுபடி கொடுக்கலாம் என்று வருமான வரி விதி 31 இடம் தருகிறது. ஆனால் அந்த வருஷம் கணக்கப்பிள்ளை யாருக்குமே கொடுக்காமல் விட்டிருந்தால் கதை வேறு. வரி பிடித்தவர் அடுத்த ஜூன் 15க்குள் கொடுத்தாக வேண்டிய சான்று அது. கொடுக்காத ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வரை, பிடித்த வரியின் அளவுக்கு மிகாமல், அபராதம் போட 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் வழியிருக்கிறது. 2026 ஏப்ரல் 1 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் வந்துவிட்டது என்றாலும், பழைய ஆண்டுகளின் கணக்கு பழைய சட்டப்படிதான். ஆகவே “உங்களுக்கு முதலில் கொடுத்தார்களா, இல்லையா” என்று சமையல்காரரைக் கேட்டு எழுதி வாங்குங்கள். அந்த ஒற்றைத்தாள் வேண்டுகோளே போதும். ஸ்டேஷனுக்குப் போய் எஃப்.ஐ.ஆர். வாங்கி வா, நோட்டரி பத்திரம் கொண்டு வா என்று சில நிறுவனங்கள் ஆட்களை அலைக்கழிப்பதைப் பார்க்கிறேன். விதி அப்படி எதையும் கேட்கவில்லை. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருகிறவரை அப்படித் திருப்பி அனுப்புவது எனக்கு வேதனையாக இருக்கிறது.

ஊழியரே ட்ரேசஸிலிருந்து ஃபார்ம் 16ஐ எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொல்லி உங்கள் தலைச்சுமையை இறக்கப் பார்ப்பார்கள். அது சரியல்ல. அவர் தன் கணக்கில் நுழைந்து தன் பேரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தையும், ஏ.ஐ.எஸ். என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையையும், தான் தாக்கல் செய்த ரிட்டர்ன்களையும் எடுக்கலாம். அவசரத்துக்கு இவற்றையே ஏற்றுக்கொள்ளும் பேங்குகளும் உண்டு. நீங்கள் நகல் தயாரிக்கும்வரை இவற்றைக் கொண்டுபோய்க் காட்டட்டும். ஃபார்ம் 16 மட்டும் முதலாளி கையிலிருந்துதான் வரவேண்டும்.

26ஏஎஸ்ஸைப் பார்க்கும்போது அவர் சம்பளத்தில் பிடித்த வரி அதில் ஏறவில்லை என்று தெரிந்தால் உடனே கவனியுங்கள். பான் எண் தப்பாகப் போயிருக்கலாம், அந்தக் காலாண்டு அறிக்கையே போகாமலும் இருக்கலாம். திருத்த அறிக்கை தாக்கல் செய்வதற்கான கால வரம்பு முன்பைவிட இப்போது சுருங்கிவிட்டது, அதனால் ஆடிட்டரை அன்றைக்கே பாருங்கள். அறிக்கையே போகவில்லை என்றால் தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு 200 ரூபாய், வரித்தொகைக்கு மிகாமல். அது உங்கள் நிறுவனத்தின் செலவு. ஊழியர் தலையில் வைக்கக் கூடாது. சம்பளத்தில் பிடித்துவிட்ட வரியை மறுபடி ஊழியரிடம் கேட்கக் கூடாது என்று 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 205 சொல்கிறது. அதற்கு அவர் காட்ட வேண்டிய ஆதாரம், வரி பிடித்ததைக் காட்டும் சம்பள ரசீது. பழைய ரசீதின் நகல் கேட்டு ஒருவர் கெஞ்சுகிறார் என்றால், அவர் வீட்டுக்கு வரித்துறை நோட்டீஸ் வந்திருக்கிறதா என்றும் கேளுங்கள்.

பட்டறை ஆளுக்கு வருகிறேன். மாதம் 18,000 என்றால் வரி பிடித்திருக்க மாட்டீர்கள். வரியே பிடிக்காதவருக்கு ஃபார்ம் 16 கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. பேங்கில் ஒரு ஃபார்ம் 16 என்று சொல்லிவிட்டால், அது இல்லாமல் கடனே கிடைக்காது என்று இவர்கள் பயந்துபோகிறார்கள். அவருக்கு வேண்டியது சம்பளச் சான்றும் சம்பள ரசீதும். நடப்பில் இருப்பவர் என்பதால் கடைசி ஆறு மாத ரசீதை இன்றைக்கே கொடுக்கலாம். இதுவரை ரசீது கொடுக்கும் பழக்கமே இல்லையென்றால் இந்த மாதத்திலிருந்து ஆரம்பியுங்கள். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பு, ஊதிய ரசீது கொடுப்பதை முதலாளியின் கடமையாக வைத்திருக்கிறது.

அவர் கேட்ட 25,000ஐ எழுதிக் கொடுக்காதீர்கள். உங்களுக்கு மனசு கேட்காது என்று தெரிகிறது. அப்பச்சி காலத்து ஆள், வீடு கட்டுகிறார், ஒரு எண்ணை மாற்றினால் என்ன என்று தோன்றும். பேங்க்காரர் பி.எஃப். பாஸ்புக்கையும் கணக்கில் ஏறிய சம்பளத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். சான்று பொய் என்று தெரிந்தால் கடன் போவதோடு நிற்காது, அடுத்து உங்களிடமிருந்து வரும் உண்மையான சான்றுக்கும் மதிப்பிருக்காது. பின்னால் அவர் வேலையை விடும்போது பணிக்கொடை (கிராஜுவிட்டி) கணக்கு வரும்: கடைசிச் சம்பளத்தில் 26இல் 15 பங்கு, அதைப் பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அப்போது 25,000 என்று நீங்களே கையெழுத்திட்ட காகிதம் அவர் கையில் இருக்கும். பி.எஃப். அலுவலகமும் இவ்வளவு சம்பளத்துக்கு ஏன் குறைத்துக் கட்டினீர்கள் என்று கேட்கலாம். எல்லாவற்றையும்விட, 18,000 வாங்குகிறவர் 25,000க்கான தவணையை எங்கிருந்து கட்டுவார்? அவரை உட்கார வைத்து இதைப் பொறுமையாகச் சொல்லுங்கள். ஓவர்டைம், போனஸ் முறையாகக் கொடுத்திருந்தால் அதைச் சான்றில் தனி வரியாகக் காட்டுங்கள். அது உண்மை, அவருக்கும் உதவும்.

இனி, பழைய ஆண்டுகளின் சம்பள ரசீது கேட்டு வருகிறவர்கள். பதிவேடு போய்விட்டது. கம்ப்யூட்டரில் அதே படிவத்தைப் போட்டு, அந்த மாத ரசீதைப் புதிதாக அடித்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். மீட்க முடிந்த ஆதாரங்களிலிருந்து ஓர் அறிக்கை எழுதிக் கொடுங்கள், எதிலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். வாசகம் இப்படி இருக்கலாம்:

“இவர் எங்கள் நிறுவனத்தில் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை பணிபுரிந்தார். அந்தக் காலத்துச் சம்பளப் பதிவேடு மழையில் சேதமடைந்துவிட்டது. எங்கள் வங்கிக் கணக்கின்படி இவருக்குச் செலுத்தப்பட்ட தொகையும், பி.எஃப். மாதாந்திர அறிக்கையில் காட்டப்பட்ட ஊதியமும் மாதவாரியாகக் கீழே உள்ளன. இவருடைய எழுத்துபூர்வமான வேண்டுகோளின் பேரில் இன்று வழங்கப்படுகிறது.”

இதில் ஒரு எச்சரிக்கை. பேங்கில் ஏறியது பிடித்தம் போக மீதி, பி.எஃப். அறிக்கையில் இருக்கும் ஊதியம் பல இடங்களில் அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் மட்டும். இரண்டில் எதுவும் முழுச் சம்பளம் ஆகாது. அதனால் இரண்டையும் தனித்தனிப் பத்தியில் காட்டுங்கள், கூட்டிக் கழித்து ஒரு முழுச் சம்பளத்தை நீங்களாக வரவழைக்காதீர்கள். கையில் ரொக்கமாகக் கொடுத்த காலமாக இருந்து எந்தத் தடயமும் இல்லையென்றால், பணிபுரிந்த காலத்துக்கு மட்டும் சான்று கொடுங்கள். தொகையை எழுத வேண்டாம்.

எத்தனை வருஷம் என்ற கேள்விக்கு ஒரே எண் கிடையாது. ஊதியப் பதிவேட்டைக் கடைசிப் பதிவிலிருந்து மூன்று ஆண்டு வைத்திருக்கச் சொன்னது பழைய ஊதியப் பட்டுவாடாச் சட்டம். கம்பெனியாகப் பதிவு செய்திருந்தால் கணக்குப் புத்தகங்களுக்கு எட்டு நிதியாண்டு. என்னைக் கேட்டால் வரி சம்பந்தப்பட்டது எதையும் எட்டு வருஷத்துக்குள் கைவிடாதீர்கள், பி.எஃப். சம்பந்தப்பட்டதை எப்போதுமே கைவிடாதீர்கள். இருபது வயதில் சேர்ந்தவருக்கு அதன் தேவை 58 வயதில்தான் வரும்.

நனைந்து கிடக்கும் ஃபைல்களையும் எரித்துவிடாதீர்கள். நிழலில் உலர்த்தி, படிக்க முடிந்த பக்கங்களைப் போட்டோ எடுத்து, எந்த ஆண்டு எது மிஞ்சியது, எது போயிற்று என்று ஒரு குறிப்பு எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். நாளை ஒரு அதிகாரி கேட்டால் அந்தக் குறிப்பு உங்களுக்காகப் பேசும். பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்திருந்த காலத்தில் அங்கே ஒரு கணக்கும், ஊருக்கு அனுப்பிய ஐந்தொகை என்கிற கணக்குச் சுருக்கமும் என்று இரண்டு இடத்தில் இருக்கும்படி நடத்திய ஊர் இது. இப்போது அதற்குக் கப்பல்கூட வேண்டாம். மாதச் சம்பளப் பட்டியலை ஒரு பிரதி ஆடிட்டரிடமும் ஒரு பிரதி இணையச் சேமிப்பிலும் வைத்தால் போதும்.

ரிசப்ஷன் பெண்ணின் கணவருக்கு ஒரு வரிகூட அனுப்பாதீர்கள். அவர் நல்லவராக இருக்கலாம், வீட்டில் ஏதோ வழக்கு நடந்துகொண்டும் இருக்கலாம். அதை ஆராய்வது நம் வேலை அல்ல. சம்பள விவரம் அந்தப் பெண்ணுடையது. அவர் எழுதிக் கேட்டால் அவர் கையில் கொடுங்கள். கோர்ட்டிலிருந்து உத்தரவு வந்தால் கோர்ட்டுக்குக் கொடுங்கள். “உங்கள் மனைவியையே கேட்கச் சொல்லுங்கள்” என்பதோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாம். முடிந்தால், இப்படி ஒரு விசாரிப்பு வந்தது என்று அந்தப் பெண்ணுக்கும் தகவல் சொல்லுங்கள்.

இந்த எச்சரிக்கை மற்றவர்களுக்கும் வேண்டும். ஃபார்ம் 16இல் பான் எண், முகவரி, சம்பளம் எல்லாம் ஒரே தாளில் இருக்கிறது. அதை வைத்து வேறொருவர் பெயரில் கடன் வாங்கப் பார்க்கிற ஆட்கள் இருக்கிறார்கள். போனில் குரலைக் கேட்டு அனுப்பாதீர்கள். உங்கள் பதிவில் இருக்கும் அதே எண்ணுக்கு நீங்களே திரும்பக் கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். மின்னஞ்சலில் அனுப்பினால் பாஸ்வேர்டு போட்ட பி.டி.எஃப். ஆக, அவருடைய சொந்த மின்னஞ்சலுக்கு. மின்னஞ்சல் இல்லாதவர் நேரில் வந்து அடையாள அட்டை காட்டி வாங்கட்டும். யார், என்ன கேட்டார், என்று கொடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வாங்கியவர் கையெழுத்தும் பெறுங்கள். ஒருவர் இறந்திருந்து குடும்பத்தார் கேட்டால் தாலுகா அலுவலகத்தின் வாரிசுச் சான்றைப் பார்த்துக் கொடுங்கள்.

கட்டணம் வாங்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். இரண்டு தாள் பிரிண்ட் போடும் செலவு விடுதிக்குப் பெரிதல்ல, கேட்பவர் முகம் சுருங்காமல் போவது பெரிது.

வாரிசு என்றதும் நீங்கள் கேட்காத ஒன்றைக் கேட்கிறேன். கணக்கப்பிள்ளையின் குடும்பத்துக்கு அவருடைய பி.எஃப். தொகை போய்ச் சேர்ந்துவிட்டதா? பி.எஃப். உறுப்பினராக, பணியில் இருக்கும்போதே இறந்தவரின் குடும்பத்துக்கு இ.டி.எல்.ஐ. காப்பீட்டில் 7 லட்சம் ரூபாய் வரை கிடைக்க வழியிருக்கிறது, மனைவிக்கு ஓய்வூதியமும் உண்டு. எல்லாருடைய காகிதத்தையும் வைத்திருந்தவர் அவர், அவருடைய காகிதத்தைக் கேட்டு வர அந்த வீட்டில் விவரம் தெரிந்தவர்கள் இல்லாமல் இருக்கலாம். நீங்களே ஆள் அனுப்பி விசாரியுங்கள்.

கடைசியாகக் காவலாளி. வரிசையில் அவரை முன்னால் வையுங்கள், ஏனென்றால் அவருக்கு மட்டும்தான் நாள் எண்ணிக்கொண்டிருக்கிறது. 58 வயதில் பி.எஃப். ஓய்வூதியம் கிடைக்க வேண்டுமானால் பத்து ஆண்டுப் பணி கணக்கில் இருக்க வேண்டும். 2014இல் வந்த யு.ஏ.என். என்கிற நிரந்தர பி.எஃப். எண்ணில் அதற்கு முந்தைய கணக்கு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவர் செல்போன் எண், ஆதார், பிறந்த தேதி மூன்றும் பி.எஃப். பதிவோடு ஒத்துப்போகிறதா என்பதையும் பாருங்கள். வயது ஒரு நாள் வித்தியாசப்பட்டாலும் அங்கே நின்றுவிடும். நீங்களும் அவரும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு உறுதிமொழியால் அதைத் திருத்தலாம். 2012க்கு முன் ஆன்லைன் அறிக்கை கிடையாது. ஆண்டுதோறும் 3ஏ, 6ஏ படிவங்கள் காகிதத்தில் பி.எஃப். அலுவலகத்துக்குப் போயின. உங்கள் பிரதி அழிந்திருந்தாலும் அங்கே பதிவு இருக்கும். நிறுவனத்தின் பி.எஃப். கோடு எண்ணும் அவர் பழைய கணக்கு எண்ணும் தெரிந்தால் போதும். அந்த எண்கள் பழைய சீட்டு ஏதாவதொன்றில் இருக்கும், அவர் வீட்டுப் பெட்டியிலும் தேடச் சொல்லுங்கள். மாதந்தோறும் 27ஆம் தேதி மாவட்டம்தோறும் பி.எஃப். அலுவலகம் குறைதீர் முகாம் நடத்துகிறது. அடுத்த முகாமுக்கு அவரைத் தனியாக அனுப்பாமல், உங்கள் லெட்டர்ஹெட்டில் சேர்ந்த தேதியைக் குறிப்பிட்டு ஒரு கடிதமும் கொடுத்து, படிவம் நிரப்பத் தெரிந்த ஒருவரையும் கூட அனுப்பி வையுங்கள்.